தீர்ப்புக்கு மாலை போட்ட மருமவனே!

வா மருமவனே, திண்ணையில உக்காரு. நுகர்வோர் கோர்ட்டுல ஜெயிச்சுட்டியாம்லா! டீக்கடையில ஒரே ஒன் பேச்சுத்தான். கம்பெனிக்காரனையே மண்ணக் கவ்வ வச்சுட்டியாம். தீர்ப்புக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கியாம். ஒன் பொண்டாட்டி அதுக்குச் சந்தனப் பொட்டு வச்சு மாலையும் போட்டாளாமே! வெவரமான புள்ள. தீர்ப்புல சொன்ன பணம் போய்ச் சேந்துட்டுன்னு வீட்டுல அவளுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

கோவப்படாத. போர்ல எறக்கின மாசமே மோட்டாரு கருகிச்சு, கேரண்டி குடுத்தவன் 'வோல்டேஜ் சரியில்ல'ன்னு கைய விரிச்சான், நீ வக்கீலு கூட வைக்காம நீயே நின்னு பேசி ஜெயிச்ச. எல்லாம் சாமர்த்தியந்தான். மோட்டாரு வெல, அதுக்கு 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு 25,000, செலவுக்கு 5,000. கேக்கும்போதே காது இனிக்கு. கையில எவ்வளவு வந்திருக்கு? கடுதாசி போட்டிருக்கேங்கே. கம்பெனியும் பதில் போட்டிருக்கான்: 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' நல்லா பரிசீலிக்கட்டும். ஒன் பேரன் காலத்துக்குள்ள முடிச்சிருவான்.

1872-லயே லண்டன் பிரிவி கவுன்சில்ல உக்காந்திருந்த வெள்ளைக்கார நீதிபதிமாரு சொல்லிட்டாவ, இந்தியாவுல வழக்காடுறவனுக்குக் கஷ்டம் ஆரம்பிக்கதே டிக்ரி வாங்கின பெறவுதான்னு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன ரயிலக் கூட மாத்திட்டோம், இத மாத்தல. தீர்ப்ப நெறவேத்தித் தாங்கன்னு சிவில் கோர்ட்டுகள்ல போட்ட மனு மட்டும் நாடு பூரா 8.82 லட்சம் நிலுவையில கெடக்குன்னு 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே எண்ணிப் பாத்துச் சொல்லிச்சு. அதெல்லாம் ஆறு மாசத்துல முடிக்கணும்னு 2021-ல சொன்னதும் அதே கோர்ட்டுதான்.

நீ நெனச்சுக்கிட்டு இருக்க, ஜட்ஜய்யா கையெழுத்துப் போட்டதும் அமீனா டவாலியோட கெளம்பிப் போயி, கம்பெனி பீரோவத் தொறந்து, பணத்த எண்ணி ஒன் வீட்டுல கொண்டாந்து குடுத்துட்டு மோர் குடிச்சிட்டுப் போவாருன்னு. கோர்ட்டு தீர்ப்புத்தான் குடுக்கும். பணம் எங்க இருக்குன்னு நீதான் கையக் காட்டணும். நீ காட்டுற வரைக்கும் அது நல்ல வெள்ளத்தாளு, அம்புட்டுத்தான்.

மொதல்ல நாளக் கணக்குப் பாரு. மேல்முறையீட்டுக்குக் கம்பெனிக்கு 45 நாளு. அதுவும் தீர்ப்புத் தொகையில பாதியக் கட்டிட்டுத்தான் மாநில நுகர்வோர் ஆணையத்துப் படியேற முடியும். 'அப்பீல் போட்டாச்சு'ன்னு போன்ல ஒருத்தன் சொன்னா மெரளாத. நம்பரக் கேளு, தடை உத்தரவ வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லு. அப்பீலு வேற, ஸ்டே வேற. ரெண்டும் இல்லன்னா அவன் சும்மா வாயில பந்தல் போடுதான்.

அப்புறம் சட்டம். 2019 நுகர்வோர் சட்டத்துல 71-ம் பிரிவு சொத்தப் பிடிக்க, 72-ம் பிரிவு ஆளப் பிடிக்க. 72-ல போனா ஒரு மாசத்துலேந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 25,000-லேந்து ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். அபராதம் சர்க்காருக்குப் போவும், அதுல ஒனக்குச் சல்லிக்காசு கெடையாது. ஆனா கம்பெனிக்குக் காலும் இல்ல, கையும் இல்ல பாரு, சம்மன் போனா அதுக்காக ஒரு கோட்டுப் போட்ட மனுசன் வந்து நிக்கணும். நம்ம ஊரு வெயில்ல, வராண்டா பெஞ்சுல, மத்த கேசுக்காரங்களுக்கு நடுவுல ஒருநாள் பூரா உக்காந்து எந்திரிச்சான்னா, ஒன் கடுதாசியப் பரிசீலிக்கதுக்கு அவனுக்குத் தானா நேரம் கெடச்சிரும்.

71-ல போனா சிவில் டிக்ரி மாதிரியே எல்லாக் கதவும் தெறக்கும். எதத் தொடக் கூடாதுன்னும் சட்டத்துல பட்டியலு இருக்கு: உடுத்த துணி, சமையல் பாத்திரம், படுக்க பாய், விவசாயியோட உழவு மாடு, வெத நெல்லு. நல்ல மனசு பண்ணி எழுதியிருக்கான். கம்பெனிக்கு வேட்டியும் கெடையாது, பாயும் கெடையாது, எல்லாத்தயும் தொடலாம். ஆனா என்ன அதிசயமோ, ஜப்தின்னா ஒன் மாடு கயித்துலயே நிக்கும், அவன் சொத்துத்தான் ஓடிப் போவும்.

அதனால ஓடாத சொத்தா, அவன் இல்லாம இருக்க முடியாத சொத்தாப் பாத்துக் கையக் காட்டு. வெபத்து நஷ்டஈடு தராத கேசுல அரசு பஸ்ஸ ஜப்தி பண்ணதா பேப்பர்ல அடிக்கடி பாக்கியே. அரசுப் போக்குவரத்துக் கழகமும் சட்டப்படி ஒரு கம்பெனிதான். வருசக் கணக்கா 'நிதி இல்லை'ன்னவங்க கிட்ட ஆபீசு மேசை நாற்காலியக் கேட்டா 'எடுத்துக்கோ'ம்பாவ. பஸ் ஸ்டாண்டுல பெட்டி படுக்கையோட ஜனத்த எறக்கிவிட்டு, அமீனா வண்டியில நோட்டீஸ் ஒட்டினா, பேச்சே வேற. வண்டி நின்னா கலெக்சன் நின்னுரும்லா.

மோட்டாருக் கம்பெனிக்கு எது நின்னா மூச்சு முட்டும்? பேங்குக் கணக்கு. அது எந்தப் பேங்குன்னு கேக்கியாக்கும்! நீ மோட்டாருக்குப் பணம் அனுப்பின ரசீத எடுத்துப் பாருடா. பேங்கு, கிளை எல்லாம் அதுலயே இருக்கும். அவன் காசு வாங்கும்போது ஒளிக்க மாட்டான், குடுக்கும்போதுதான் ஒளிப்பான். அதே பில்லுல 21 எழுத்தும் எண்ணுமா சி.ஐ.என். நம்பர் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்து வெப்சைட்டுல அதத் தட்டச் சொல்லு ஒன் மவள. கம்பெனி உசுரோட இருக்கா, பதிவு ஆபீஸ் எங்க, டைரக்டர் யாரு, எந்தப் பேங்குல அடமானம் வச்சிருக்கான், எல்லாம் வரும். டைரக்டர் பங்களாவப் பாத்து எச்சில் முழுங்காத. தீர்ப்பு கம்பெனி பேருல மட்டும் இருந்தா, பங்களா வேற, கம்பெனி வேற.

பஜார்ல அவன் டீலர் இருக்கானே, மோட்டார வாசல்ல அடுக்கி, எலுமிச்சம்பழம் மொளகா கட்டி வச்சிருக்கானே, அங்க போயி வம்பு பண்ணாத. சரக்கு டீலர் காசு குடுத்து வாங்கினதுன்னா அது டீலர் சொத்து. ஆனா அந்த டீலர் கம்பெனிக்குப் பாக்கி வச்சிருந்தா, அந்தப் பாக்கி கம்பெனி சொத்து. 'அத அங்க கட்டாத, இங்க கோர்ட்டுல கட்டு'ன்னு டீலருக்கே உத்தரவு வாங்கலாம். ஒரு டீலருக்கு இப்பிடி ஒரு தாளு போச்சுன்னா ஜில்லாவுல அத்தன டீலரும் கம்பெனிக்குப் போனப் போட்டு நலம் விசாரிப்பான்.

ஒண்ணும் தெரியலன்னா கம்பெனியவே கேட்டுரு. 30 நாளாப் பணம் வரலன்னா, சொத்துக் கணக்கச் சத்தியம் பண்ணி எழுதித் தரணும்னு உத்தரவு கேக்கலாம். கம்பெனியோட அதிகாரியக் கூப்பிட்டு விசாரிக்கலாம். கணக்கு எழுதித் தரச் சொன்ன உத்தரவ மீறினா மூணு மாசம் வரை சிவில் சிறை.

கம்பெனி மேல திவால் மனுவக் கோர்ட்டு ஏத்துக்கிட்டா மட்டும் இந்த வித்தை எல்லாம் நின்னுரும். பேப்பர்ல விளம்பரம் வரும், காலத்தோட ஒன் பாக்கிய எழுதிக் குடுத்துட்டு வரிசையில நில்லு. வரிசை நீளமா இருக்கும், முன்னால பேங்குக்காரன் நிப்பான்.

இதெல்லாம் பண்ணினா ஒருநாள் அவன் வக்கீல் தேன் ஒழுகப் பேசுவான்: 'எதுக்குங்க அலைச்சல், பாதி வாங்கிட்டு முடிச்சிக்குவோம்.' பாதியா முழுசாங்கறது ஒன் இஷ்டம். ஆனா 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்'ங்கற தாள்ல, காசு கணக்குல ஏறின பெறவு கையெழுத்துப் போடு. செக்கக் கண்ணுல காட்டினதும் பேனாவத் தொறக்காத.

என்ன, கெளம்பிட்டியா? இரு இரு. உரத்துக்குன்னு என்கிட்ட 15,000 கைமாத்து வாங்கினியே, ஞாபகம் இருக்கா? நான் கடுதாசி போட்டேனா, பரிசீலிக்கச் சொன்னேனா? ஆனா சட்டம் ஒண்ணு சொல்லுது: கைமாத்துக்கு மூணு வருசம், அதுக்கு மேல போனா கோர்ட்டுல கேக்க முடியாது. ஒனக்கும் எனக்கும் அதுக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. 'மாமாவுக்கு 15,000 தரவேண்டும்'னு இந்தத் தாள்ல எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வச்சிரு. அன்னையிலேந்து எனக்குப் புதுசா மூணு வருசம் ஆரம்பிக்கும். ஒன் பேங்கு எதுன்னு கேக்க மாட்டேன், ஒனக்குப் பணம் அனுப்பின ரசீது என்கிட்டயும் இருக்கு.