கடலால் பெருத்த போத்தல்: தீவக அளவையியலுக்கு ஒரு பங்களிப்பு

யாழ்ப்பாணத் தீவுகளை ஆராய்ந்தவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் பொதுவாக நம்பப்படுகிறது. ஊர்காவற்துறைக் கடற்கோட்டையின் மதிலுக்கு அளவு எடுத்தாயிற்று. நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தலைக்கணக்குப் பார்த்தாயிற்று. அங்குள்ள பெருக்குமரத்தின் அடிமரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தாயிற்று. நயினாதீவு நாகர்களைப் பற்றிக் கருத்தரங்கும் வைத்தாயிற்று. ஆனால் தவறணை வாசலிலும் இறங்குதுறை ஓரத்திலும் கலியாணவீட்டுப் பின்வளவிலும் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கை, அதாவது பியரைப் பெரிய போத்தலில் வாங்குவதா சின்னப் போத்தலில் வாங்குவதா என்ற வழக்கை, அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிலவிவரும் கொள்கை ஒன்றே ஒன்று: பெருங்குடிகாரனுக்குப் பெரியது, அளவறிந்தவனுக்குச் சின்னது. இது ஆராய்ச்சியன்று, அயல்வீட்டு அபிப்பிராயம். போத்தலின் அளவைத் தீர்மானிப்பது குடிப்பவனின் தாகமுமல்ல, ஒழுக்கமுமல்ல. அடுத்த போத்தல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே என்று நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. இதைத் தூரக் கோட்பாடு என்று அழைப்போம். வேறு பெயர் வைக்க விரும்புவோர் தனிக்கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

முதலில் அலகுகளைச் சீர்செய்ய வேண்டும். இலங்கையில் போத்தல் என்பது பாத்திரம் மட்டுமல்ல, முகத்தலளவையும்கூட. பாலும் எண்ணெயும் தேனும் மண்ணெண்ணெயும் போத்தல் கணக்கில் விலைப்பட்ட நாடு இது. ஆறு போத்தல் ஒரு கலன் என்பது பழைய கடைக்காரரின் வாய்ப்பாடு. பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். அதை ஆறால் வகுத்தால் 757.7 மில்லிலீற்றர் வரும். இன்றைய போத்தல் அந்தச் சில்லறையை உதறிவிட்டு 750இல் நிற்கிறது. சாராயத்தில் முழுப்போத்தல் 750, அரைப்போத்தல் 375. இதுவரை கணக்கு நேர். கால்போத்தலோ 180. நாலு கால் ஒரு முழுசு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர் நாலு கால்போத்தல் வாங்கி ஒன்றாக ஊற்றிப் பார்த்தால் 720இல் நிற்பார். மிச்சம் 30 மில்லிலீற்றருக்கு எந்த வாய்ப்பாட்டிலும் பதில் இல்லை. பெரிய பியர்ப் போத்தலின் 625 இதைவிடச் சிக்கலானது. 750இல் அது சரியாக ஆறில் ஐந்து. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாக இறங்கும் நமது கீழ்வாயிலக்கத்தில் அதற்கு இருக்கை இல்லை. பிரித்தானிய அவுன்சில் மாற்றினால் 625 அச்சொட்டாக 22 அவுன்ஸ். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் புழங்கும் 650ஐ அமெரிக்க அவுன்சில் மாற்றினால் அதுவும் 22. இந்த ஒற்றுமையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரையில் இப்படியொன்றைச் சொல்லாமல் விடுவது வழக்கமில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். சின்னப் போத்தல் கட்சியார் கையிலுள்ள கூரான ஆயுதம் இது. பெரிய போத்தலின் அடிப்பாகம் வாய்க்கு வருமுன் வெந்நீராகிவிடும் என்பது அவர்கள் வாதம். தீவகத்தின் பங்குனி வெயிலை அறிந்தவர்கள் இதை இலேசில் தள்ளிவிட மாட்டார்கள். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே வடிவமுள்ள இரு போத்தல்களில் ஒன்று 625, மற்றது 330 என்று கொள்வோம். கொள்ளளவு குறையக் குறைய ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் வெயில் படும் மேற்பரப்பு கூடும். கனமூலம் எடுத்துப் பார்த்தால் சின்னப் போத்தல் கிட்டத்தட்ட 24 வீதம் விரைவாகச் சூடேறும் என்று தெரிகிறது. எனவே சூடேறுவதில் சின்னதே முந்தும். கட்சியாரின் ஆயுதம் அவர்கள் கையையே வெட்டுகிறது. ஆனால் நேர்மையான ஆய்வாளர் இத்துடன் நிறுத்த முடியாது. ஒரே ஆள் ஒரே வேகத்தில் குடித்தால் பெரிய போத்தலை முடிக்க ஏறக்குறைய 1.9 மடங்கு நேரம் பிடிக்கும். வேகத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய போத்தலின் கடைசி மிடறு சின்னதின் கடைசி மிடற்றைவிட ஒன்றரை மடங்கு அளவுக்குச் சூடேறியிருக்கும். அதாவது தனியாகக் குடிப்பவன் விடயத்தில் சின்னப் போத்தல் கட்சி வெல்கிறது. அதே பெரிய போத்தலை இருவர் பங்கிட்டால் நேரம் பாதியாகிறது, மெதுவாகச் சூடேறும் குணமோ அப்படியே இருக்கிறது, வெற்றி கைமாறுகிறது. ஆகவே வெப்பம் என்பது மில்லிலீற்றர் பிரச்சினையே அல்ல, தலைகளின் எண்ணிக்கைப் பிரச்சினை. தீவுகளில் ஒருவன் தனியாக ஒரு பியரைத் திறந்து தனியாகவே முடித்தான் என்பதை நம்புவதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி வந்தால் அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கூற்று நிரூபிக்கப்பட முடியாதது.

இங்கே வில்லியம் பெயின்ரரையும் நினைவுகூர வேண்டும். பல்லுப்பல்லாக ஓரம் வைத்த தகர மூடிக்கு 1892இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அவர். சாராயப் போத்தலின் திருகுமூடி மனிதனை நம்புகிறது. மிச்சத்தை நாளைக்கு வை என்கிறது. பெயின்ரரின் மூடிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஒருமுறை கழற்றினால் திரும்ப ஒட்டாது, காற்றுப்போன பியரை நாய்கூட முகராது. அதனால் சாராயப் போத்தலின் அளவை ஒருவனின் வாரத்தோடு ஒப்பிடலாம். பியர்ப் போத்தலின் அளவை ஓர் இருப்போடுதான் ஒப்பிட முடியும்.

இப்போது கோட்பாட்டின் நெஞ்சுப் பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குத் தரைவழியே போகலாம். ஊர்காவற்துறையும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. வாணர் தாம்போதி தாண்டினால் புங்குடுதீவு; அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவு கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க படகுப் பயணம். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணிநேரம், அதுவும் கடல் மனம் வைத்தால். கோட்பாட்டின்படி இந்தப் பாதை நெடுக வாங்குபவன் கை பெரிய போத்தலை நோக்கி நகர வேண்டும். உலகச் சான்றுகள் இதற்குத் துணை நிற்கின்றன. ஜேர்மனியின் கொலோன் நகரில் பியரை 200 மில்லிலீற்றர்க் கிளாசில் தருகிறார்கள். பரிசாரகர் வெறுங்கிளாசைக் கண்டவுடன் கேளாமலே அடுத்ததை வைத்துவிடுகிறார், கிளாசை அட்டையால் மூடினால்தான் நிறுத்துகிறார். தூரம் பூச்சியம், அளவும் ஏறத்தாழ அப்படியே. மறுகோடியில் அவுஸ்திரேலியாவின் வட பிரதேசம். ஊருக்கும் ஊருக்கும் இடையில் மணிக்கணக்கில் வண்டி ஓடும் அந்தப் பெருவெளியில் 1958இல் பிறந்த டார்வின் போத்தல் பிற்காலத்தில் 2 லீற்றர் கொண்டது. இன்னும் நெருங்கிய சான்று ஒல்லாந்தரிடம் இருக்கிறது. அவர்கள் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். இரண்டுமே பழைய பியர் நகரங்கள். டெல்ஃப்ற்றின் புகழ்பெற்ற நீலப் பீங்கான் தொழில், மூடப்பட்ட பியர் ஆலைக் கட்டடங்களில்தான் குடியேறியது. ஹார்லெம் பியரோ நீர்வழியே வெளியூர் போனது. போனது போத்தலில் அல்ல, 112 லீற்றர்ப் பீப்பாயில். நடுவில் தண்ணீர் வந்தால் பாத்திரம் பெருக்கும் என்பதற்கு, நமது தீவுக்குப் பெயர் தந்த நகரமே சாட்சி சொல்வது தற்செயல் என்று எளிதில் தள்ளத்தக்கதன்று.

இரண்டு 330 சேர்ந்தால் 660, அது பெரிய போத்தலைவிட 35 மில்லிலீற்றர் கூட அல்லவா என்று சிலர் கேட்பார்கள். கூடத்தான். ஆனால் இரண்டு கண்ணாடியின் பாரம், படகு ஆடும்போது ஒன்றோடொன்று மோதும் சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டு அணியத்திலிருந்து திரும்பிப் பார்க்கும் சொந்தக்காரர்கள் என்பவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒற்றைப் போத்தல் பேசாது.

தூரம் பூச்சியமாகும் இடத்தில் கோட்பாடு என்ன ஆகிறது என்பதைத் தீவகத்திலேயே பார்க்கலாம். கொலோனுக்குப் போகத் தேவையில்லை. பனையின் கீழ் நிற்பவனுக்கும் கள்ளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மரத்தின் உயரம்தான், அதையும் சீவல்காரர் நடந்து தீர்த்துவிடுகிறார். அங்கே பாத்திரம் பிளா. பனையோலையை மடித்துக் கட்டிய இந்தப் பாத்திரத்துக்குத் தட்டையான அடி கிடையாது. உள்ளே கள் இருக்கும்வரை கீழே வைக்க முடியாது. வைக்க முடியாததால் வெயிலில் காய்வதில்லை, காற்றுப்போவதில்லை, இன்னொருவருடையதோடு மாறிப்போவதுமில்லை. குடித்து முடிந்தால் ஓலை ஆட்டுக்கு. கள்ளுக்கு இந்த அவசரம் பொருத்தமானது. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீராக நிற்பது, பூசாவிட்டால் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கி, காலையில் இனித்து மாலையில் புளிக்கிறது. இறுக அடைத்து வைத்தால் போத்தலே வெடிக்கும். தவறணையில் பிளாவில் குடிக்கும் அதே ஆள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 750 போத்தலை நீட்டுகிறார். ஆள் ஒன்று, கள் ஒன்று, தாகமும் ஒன்று. மாறியது தூரம் மட்டுமே. ஒரு கோட்பாட்டுக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை ஆய்வுகூடத்திலும் கிடைக்காது.

ஒழுக்கவாதிகளின் தடையை அடுத்துக் கவனிப்போம். சின்னப் போத்தல் சீக்கிரம் முடியும், முடிந்தால் மனிதன் எழும்புவான் என்பது அவர்கள் நம்பிக்கை. போத்தல் முடியும் ஒவ்வொரு முறையும் மனிதன் ஒரு முடிவெடுக்கிறான் என்பது உண்மைதான். கடை பக்கத்திலிருக்கும்போது அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கும் சான்று வேண்டுமா? கடைசிப் படகு போன பிறகு நெடுந்தீவில் முடிந்த பெரிய போத்தல் உண்மையாகவே முடிந்த போத்தல்.

இதைவிடக் கடுமையான தடை ஒன்று உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. சின்னஞ்சிறு போத்தல், பஞ்சில் ஊறிய துளி எண்ணெய். அடுத்த போத்தல் மண்ணெண்ணெய் அவ்வளவு தூரத்தில் இருந்தபோது, தூரக் கோட்பாட்டின்படி பாத்திரம் பெருத்திருக்க வேண்டும்; சிறுத்தது எப்படி? இந்தத் தடை கோட்பாட்டை உடைக்கவில்லை, திருத்துகிறது. சுமக்கும் பாத்திரம் வேறு, செலவழிக்கும் பாத்திரம் வேறு. தூரம் கூடும்போது முன்னது பெருக்கும், பின்னது சுருங்கும். நெடுந்தீவில் ஒரு பெரிய பியரை நாலு பேர் சுற்றி இருக்கும்போது கிளாசுகளில் எவ்வளவு ஊற்றப்படுகிறது என்று கவனித்தால் இந்தத் துணைவிதி விளங்கும். தகரப்பேணிப் பியரை ஆதரிப்போருக்கும் அந்த ஜாம் போத்தல் விளக்கிலேயே விடை இருக்கிறது: வெறும் போத்தல் மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ போய்ச் சேரும், வெறும் பேணி குப்பைக்குத்தான் போகும்.

எஞ்சியிருப்பது எல்லை நிலை. கொள்ளளவு முடிவிலியான பாத்திரம் ஒன்று இருந்தால் தூரத்துக்கு அர்த்தமே இல்லாமற் போய்விடும். கோட்பாடும் அதோடு முடிந்தது. அப்படிப்பட்ட பாத்திரம் தமிழ் மரபில் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மணிமேகலை பெற்ற அமுதசுரபி அது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்பது தீவகத்தாரின் உறுதியான நம்பிக்கை. அள்ள அள்ளக் குறையாதது சோறுதான், தாகத்தைப் பற்றிக் காப்பியம் எதுவும் உறுதியளிக்கவில்லை என்றாலும், ஒரு முறையாவது சோதித்துப் பார்ப்பது ஆய்வாளர் கடமை. ஆனால் பாத்திரம் நீருக்கு மேலே வருவது ஆண்டுக்கொருமுறை, வைகாசிப் பௌர்ணமியில் மட்டும். இலங்கையில் அது வெசாக் போயா; அன்றைக்கு நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டு.