போனுக்கு பிரஷர் நார்மல்

அரசாங்கம் இப்போதெல்லாம் நோயாளியின் வாசலுக்கே வந்துவிடுகிறது. வந்ததும் முதல் காரியமாகக் கையை உயரத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் அங்குமிங்கும் நடக்கிறது. ஆசி வழங்குகிறதோ என்று நினைத்துவிடாதீர்கள், டவர் தேடுகிறது. திண்ணையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் கிழவி அதுவரை காத்திருக்கலாம். அவளுக்கு இருப்பது வெறும் ரத்தக் கொதிப்பு. செல்போனுக்கு வந்திருப்பதோ சர்வர் கோளாறு. இரண்டில் எது அவசர கேஸ் என்பதில் மேலிடத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வீடு தேடி வரும் திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றாநோய் ஆய்வின்படி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடுதான். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கு என்றால் எத்தனை பேர் வாங்குவார்கள்? அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது வாயாரப் பாராட்டினோம். சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் பிரஷர் மெஷினும் குளுக்கோமீட்டரும் மாத்திரைப் பையுமாக வெயிலில் வீடு வீடாக நடக்கிறார். நல்ல காரியம். 2024-இல் ஐ.நா. விருதுகூட வந்தது. நடந்தவர் அந்தப் பெண், மாலை விழுந்தது வேறு கழுத்துகளில். அது நம் மரபு, விடுங்கள்.

என் கோபமெல்லாம் அந்த மூன்று பொருள்களோடு அவர் கையில் திணித்த நாலாவது பொருளைப் பற்றி.

செல்போனில் பதிவது தப்பா? இல்லவே இல்லை. போன மாதம் 160 இருந்த பிரஷர் இந்த மாதம் 180 ஆகிவிட்டது என்று சிவப்பில் காட்டி, ‘இந்த அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் அனுப்பு, வண்டிக்குச் சொல்லியாயிற்று’ என்று ஒரு செல்போன் சொல்லுமானால் அதற்குக் கற்பூரமே காட்டலாம். ஆனால் நம் செயலிகளின் கண் நோயாளி பக்கம் திரும்புவதில்லை. ஊழியர் வந்தாரா, எத்தனை மணிக்கு வந்தார், எந்த இடத்தில் நின்றார், இன்றைய டார்கெட்டில் எத்தனை முடித்தார், எத்தனை பெண்டிங். அதற்கு வேண்டியது இவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் இந்த வேலைக்குக் கங்காணி இருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் புதிய கங்காணிக்கு ரீசார்ஜ் போதும், அதையும் பல ஊர்களில் ஊழியரே தன் காசில் போட்டுக்கொள்கிறார்.

இந்த மாதிரிச் செயலிகளில் கட்டாயக் கட்டங்கள் என்று சில உண்டு. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. பிரஷர் மெஷினின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கைப்பட்டை கிழிந்து காற்று இறங்கலாம். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் வராமல் இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். அதைச் சொல்லத் திரையில் இடம் கிடையாது. எண் வேண்டும். 120/80 என்று தட்டினால் பச்சை டிக் விழுகிறது. மெஷின் ஓடவில்லை என்ற உண்மையைச் சொல்ல நினைத்தால் அன்றைய விசிட்டே கணக்கில் ஏறாது. பொய்யை வாங்கிக்கொள்ளும், காலியிடத்தை வாங்கிக்கொள்ளாது. இப்படி ஒரு கருவியைச் செய்து கொடுத்துவிட்டு, ‘களப்பணியாளர்கள் தவறான தரவு கொடுக்கிறார்கள்’ என்று ரிவியூ மீட்டிங்கில் மைக் பிடித்துக் கத்துகிறார்கள். பத்து மணி மீட்டிங்குக்குப் பதினொன்றரைக்கு வந்து கத்துகிறார்கள்.

மாலையில் அந்த 120/80 மேலே ஏறுகிறது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏற ஏற அழகு கூடுகிறது. கடைசியில் ஏ.சி. அறைச் சுவரில் வண்ண வட்டமாக ஜொலிக்கிறது. ஊரே நார்மல். கிழவி அன்றிரவு பக்கவாதத்தில் சாய்கிறாள். ஆவணப்படி அவள் நார்மலாகத்தான் சாய்ந்தாள்.

கிராம சுகாதார செவிலியரை ஊரில் நர்சம்மா என்போம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி, அதற்குப் பொறுப்பு இவர். கர்ப்பிணிகளை பிக்மி என்ற இணையப் பதிவில் ஏற்ற வேண்டும், அது தரும் எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. தடுப்பூசிக்கு யூ-வின் தனி. இவற்றுக்குப் பிறகும் காகித ரெஜிஸ்டர்கள் அப்படியே பையில் கனக்கின்றன. செயலி வந்தால் காகிதம் ஒழியும் என்றார்கள். காகிதம் செயலியை நம்பவில்லை, செயலி காகிதத்தை நம்பவில்லை, இரண்டுமாகச் சேர்ந்து நர்சம்மாவை நம்பவில்லை. பிரசவித்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, பால் கட்டிக்கொண்டதா, பிள்ளை சரியாகக் குடிக்கிறதா என்று விசாரிக்கும் அரைமணி நேரத்துக்கு எந்தச் செயலியிலும் கட்டம் இல்லை. ஆகவே அந்த அரைமணி நேரம் நடக்கவில்லை.

இனி பால்வாடி டீச்சருக்கு, அதாவது அங்கன்வாடி ஊழியருக்கு வருவோம். ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலி 2021-இல் வந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். போன் சூடாகிறது, தொங்கிவிடுகிறது, செயலி மராத்தியில் இல்லை என்றார்கள். இலவசமாகக் கொடுத்த போனை ஏழைப் பெண்கள் கும்பலாக வந்து திருப்பித் தருகிறார்கள் என்றால் அதன் யோக்கியதையைப் புரிந்துகொள்ள வல்லுநர் குழு தேவையில்லை. அதற்குக் கிடைத்த பதில் இன்னும் கடுமையான செயலி. 2025 ஜூலை முதல் கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ சத்துமாவு வாங்க வேண்டுமென்றால் முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டும், ஆதாரோடு பொருந்த வேண்டும், ஓடிபி சொல்ல வேண்டும்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ரிசர்வ் வங்கி விளம்பரம் போடுகிறது, சைபர் போலீஸ் எச்சரிக்கிறது. டீச்சரோ வாசலில் நின்று, “ஓடிபி வந்துச்சாம்மா, சொல்லுங்க, இல்லன்னா மாவு குடுக்க முடியாது” என்று கெஞ்சுகிறார். ஆதாரில் உள்ள நம்பர் கணவருடையது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி இரைச்சலுக்குள் நிற்கிறார். போனை எடுப்பதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி முதலிலிருந்து. அப்புறம் முகம். பொருந்தவில்லை என்கிறது திரை. ஆதார் படம் எடுத்தபோது அவள் கல்யாணமாகாத பெண், இப்போது எட்டு மாதம், முகம் வீங்கியிருக்கிறது. எட்டாம் மாதத்தில் முகம் வீங்கினால் பிரஷர் பார்க்க வேண்டும் என்பது பழுத்த மருத்துவச்சிக்குத் தெரியும், அரைகுறை நர்சுக்கும் தெரியும். கோடிக்கணக்கில் செலவழித்த செயலிக்கு அந்த வீக்கம் ஆள்மாறாட்டம். தாயைக் காப்பாற்ற வந்த கருவி, தாய்க்கு வந்த ஆபத்தைப் பார்த்துவிட்டு அவளைத் திருடி என்கிறது.

ஹரியானாவில் 2021-இல் ஆஷா எனப்படும் கிராம சுகாதார ஊழியர்களின் போனில் எம்.டி.எம். 360 ஷீல்ட் என்றொரு செயலியை ஏற்றச் சொன்னார்கள். எங்கிருக்கிறாய் என்று பார்க்கும், தொலைவிலிருந்தே போனைக் கட்டுப்படுத்தும். கொரோனாவில் முகக்கவசம்கூட ஒழுங்காகக் கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு அரசு தந்த கேடயம் அது. அவர்களும் போனைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது அறிவித்தது. உடனே டெல்லியிலிருந்து வாழ்த்து மழை.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் சட்டமே போட்டார்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணத்தில் வீட்டுக்கு வந்து பராமரிப்பவர், என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, எந்தத் தேதி, எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடித்தார் என்று ஆறு விஷயங்களை மின்னணு முறையில் பதிய வேண்டும். பதியவைக்காத மாநிலத்துக்கு நிதி வெட்டு. 2020-இல் தனிநபர் பராமரிப்புக்கும் 2023-இல் வீட்டு மருத்துவ சேவைக்கும் கெடு வைத்தார்கள். காரணம், மோசடித் தடுப்பு. சில மாநிலங்கள் ஜி.பி.எஸ். வேலியே போட்டன. சக்கர நாற்காலியில் இருப்பவர் உதவியாளரோடு பூங்காவுக்குப் போனால் எச்சரிக்கைக் கொடி, வேலை முடிந்ததைச் சூப்பர் மார்க்கெட்டில் பதிந்தால் விளக்கம் கேள். ஊனமுற்றோர் வீட்டுச் சிறையில் முடங்காமல் வெளியே வரட்டும் என்பதற்காகத்தான் அந்தப் பராமரிப்பே. மோசடிக்காரர்களைப் பிடிக்கப் போட்ட வேலிக்குள் நோயாளியும் உதவியாளரும் மாட்டிக்கொண்டார்கள்.

வாசலில் வாங்கிய இந்த விவரமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்பார்கள். 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்களை டெலிகிராமில் ஒரு பாட், நம்பர் கொடுத்தவருக்கெல்லாம் வாரி வழங்கியது. அப்போதும் பாதுகாப்பாகத்தான் இருந்தது. கருக்கலைந்தது, காசநோய் வந்தது, புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரை எடுப்பது என்று நர்சம்மாவின் காதில் மட்டும் சொல்கிற சங்கதிகள் ஒரு பெண்ணுக்கு உண்டு. நர்சம்மா கையில் போனைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அந்த மௌனத்தையும் ‘பிரச்சினை இல்லை’ என்றே பதிகிறார்கள்.

எல்லாவற்றிலும் எரிச்சலான விஷயம் ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமானால் ஆஷா, அங்கன்வாடிப் பெண்கள் அரசு ஊழியர்கள், மெமோ வரும். சம்பளம் கேட்டால் தன்னார்வலர்கள், மதிப்பூதியம்தான் வரும். அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடிய அரசும் உண்டு. உண்டு என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாயாக உயர்ந்தது. மாநிலங்கள் சேர்த்துக் கொடுப்பது தனி. அதன் பிறகு செயலி மாறியது, முகம் பார்க்கும் வசதி வந்தது, அப்டேட் மேல் அப்டேட் வந்தது. தாய்மார் முகத்தைக் கேமராவில் காட்டச் சொன்ன 2025-லும் அந்தத் தொகை 4,500 ரூபாய்தான்.