ரசமட்டம் சார்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் யார் வீட்டுப் புதுமனை புகுவிழாவாக இருந்தாலும் சரி, மொய்க் கவரோடு வருகிறவர்களில் ஒருவருடைய மஞ்சப்பைக்குள் மட்டும் ரசமட்டம் இருக்கும். உள்ளே புரோகிதர் ஓமத்தில் நெய் விட்டுக்கொண்டிருப்பார். பசுமாட்டைப் படியேற்ற நாலு பேர் திணறிக்கொண்டிருப்பார்கள். சார் நிலைவாசற்படியில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாடு அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"ஒரு நூல் தெக்கால எறங்குது. மேஸ்திரி யாரு?" என்பார் எழுந்து.

வீட்டுக்காரர் வங்கியில் கடன் வாங்கி, மச்சானிடம் கைமாற்று வாங்கி, மனைவியின் நகையை வைத்துக் கட்டி முடித்திருப்பார். அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு, டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு தன் வாசற்படியைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது தெரிகிறவரைக்கும் அந்த மனுஷன் நிம்மதியாக இருந்தார்.

கல்யாணப் பந்தியில் சாருக்குப் பக்கத்து இலை கிடைத்தவர் போன ஜென்மத்தில் ஏதோ செய்தவர். சாம்பார் வரைக்கும் வாய் திறக்கமாட்டார். ரசம் சோற்றைத் தாண்டி ஓட ஆரம்பித்ததும் முகம் மலர்ந்துவிடும். "பாத்தீங்களா, மேற்கால ஓடுது. டேபிளுக்கு ஒரு கால் குட்டை." பைக்குள் இருப்பதை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ரசமே மட்டம் காட்டிவிட்டது. பாயசம் வருவதற்குள் மடித்த பேப்பர் கப் ஒன்று மேசைக்காலுக்கு அடியில் போய்விடும். அதற்கப்புறம் ரசம் பக்கத்து இலைக்காரர் மடிக்கு ஓடும்.

சாவு வீட்டிலும் அடங்கமாட்டார். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்தபோது, சார் மாலையோடு ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றார். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்தோம். பிறகு இறந்தவருடைய மகனின் காதோரம் குனிந்து, "தம்பி, கால்மாடு எறங்கியிருக்கு. ஒரு செங்கல் வெச்சா சரியாப்பூடும்" என்றார். அந்தப் பையன் அழுதுகொண்டே போய்ச் செங்கல் கொண்டுவந்தான். சார் அதை வாங்கிச் சுண்டிப் பார்த்தார். செங்கல் சரியாக வேகவில்லையாம்.

சர்வீஸில் இருந்த வரைக்கும் சொந்த வீட்டில் ஓர் ஆணி அடித்தவரில்லை இவர். ஓய்வு பெற்று, சேமநல நிதி கைக்கு வந்த மறுவாரம் பிடித்தது. எலெக்ட்ரீஷியன் வந்தால் சுவிட்சுப் பெட்டிக்கு மட்டம் பார்ப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவன் சுவரில் காவிக்கோடு இழுக்கும் முன்னால், தண்ணீர் ரொப்பிய ட்யூபை இரண்டு பக்கமும் பிடித்து, அந்தக் கோட்டுக்கும் மட்டம் எடுக்க வேண்டும். கல்லைப் பார்த்துப் பழகிய மேஸ்திரிகள் இவர் வீட்டு வேலையென்றால் சாலவாக்கத்தில் வேலை இருக்கிறது, வந்தவாசியில் தளம் போடுகிறோம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள்.

தோட்டத்துக்கு வருவோம். முன்பக்கம் கொரியன் புல். அதைச் சுற்றிக் குரோட்டன்ஸ் வேலி, நூல் கட்டி வெட்டியது. வேலியின் தலையில் பலகை வைத்து, பலகையின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்த ஒரே மனிதர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டு மாவட்டத்திலும் இவராகத்தான் இருப்பார். செடி ராத்திரியில் வளர்ந்துவிடுகிறது என்பது அவருடைய நிரந்தர வருத்தம். வாசலில் இருந்த முருங்கை ஒழுங்கில்லாமல் கிளைவிடுகிறது என்று போய்விட்டது. தென்னை ஒன்று தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. தென்னை என்றால் வெளிச்சத்தைத் தேடிச் சாயத்தான் செய்யும். சார் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார், தென்னை கட்டுப்படவில்லை, வெட்டிவிட்டார். இப்போது வீட்டம்மா சந்தையில் தேங்காய் வாங்குகிறார்கள்.

அந்த அம்மாவின் ராஜ்யம் கொல்லையில், குளியலறைத் தண்ணீர் போகிற வழியில். மேடும் பள்ளமுமான ஒரு துண்டு நிலம். கறிவேப்பிலை, அரைக்கீரை, வெண்டை, ஒரு வாழை, துரத்தப்பட்ட முருங்கையின் போத்து ஒன்று. வீட்டுச் சமையல் அதிலிருந்துதான் நடக்கிறது. சார் அந்தப் பக்கம் வந்தால் அம்மா பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டுகிற சாக்கில் காலை நனைத்துவிடுவார்கள். முன்புறப் புல்லுக்கோ தினமும் இரண்டு வேளை மோட்டார். அதை ரசிக்க வருவது மயில்கள். வந்து, புல்லைக் கிளறிப் புழு தின்றுவிட்டு, மட்டம் எடுத்த குரோட்டன்ஸ் மேல் ஏறி உட்கார்ந்து, மட்டத்தைக் கலைத்துவிட்டுப் போகும். தேசியப் பறவை என்பதால் ஒன்றும் செய்யமுடியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு புல்வெளியில் சார் ஓடுவதைப் பார்க்கத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் கிளம்புகிறார்கள்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து சாருக்கு ஊர்ப்பெருமையும் சேர்ந்துகொண்டது. யாராவது வெளியூர்க்காரர் வந்தால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைக் காட்டுவார். 919, 921 என்று ஆண்டு சொல்வார். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்பார். "தோட்டத்துக்கு அன்னிக்கே தனி வாரியம் வெச்ச ஊர் சார் இது" என்று சொல்லும்போது நெஞ்சில் கை வைப்பார். அவருடைய உள்ளக்கிடக்கை எங்களுக்குத் தெரியும். சோழன் காலத்தில் பிறந்திருந்தால் அந்தப் பன்னிரண்டில் முதல் ஆள் தான்தான் என்று நம்புகிறார்.

நானும் கல்வெட்டின் நிபந்தனைகளோடு ஒத்துப் பார்த்தேன். வயது 35க்கு மேல், 70க்குள்: சரி. சொந்த மனையில் கட்டிய வீடு: அதைப்பற்றிச் சந்தேகம் யாருக்கு? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம்: அப்பா வைத்துவிட்டுப் போனது இருக்கிறது. ஆனால் முந்தின மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி இருக்க முடியாது. சாரோ தன் வீட்டுத் தோட்ட வாரியத்தில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நகராமல் இருக்கிறார். அதைவிடப் பெரிய இடி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு ஓலையில் பேரே எழுதக் கூடாது, அவருடைய மாமனார், மருமகன், சகலை வரைக்கும் கூடாது என்பது. கொரியன் புல்லுக்கு எவ்வளவு ஆனது என்று வீட்டம்மா கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். இதுநாள்வரை கணக்கு வரவில்லை. மதுராந்தகத்தில் இருக்கும் அப்பாவிச் சகலையின் பெயரும் சேர்ந்து அடிபடுகிறது.

மட்டத்தின் மேல் இப்படி உயிரை விடுகிறவருக்கு வாட்டம் என்றால் ஆகாது என்பதுதான் விஷயமே. மொட்டைமாடித் தளத்துக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் விட வேண்டும் என்பது மேஸ்திரிகளின் கணக்கு. மழைத்தண்ணீர் தானாகவே குழாய் வாய்க்கு ஓட வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்தபோதும் அதே கணக்குத்தான். பழைய வீடுகளில் திண்ணைகூடத் தெருப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்திருக்கும். முற்றத்துத் தண்ணீர் சலதாரையைத் தேடித் தானே போகும். சார் தன் மாடிக்கு ஓடு பதிக்கும்போது மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார்.

"சார், தண்ணி ஓட வேணாமா?"

"ஓடட்டும். ஆனா மட்டமா ஓடட்டும்."

முதல் மழையிலேயே மாடி குளமாகிவிட்டது. நாலு மூலையிலும் ஒரே ஆழம். குமிழி எங்கேயும் நகரவில்லை. டெங்கு கொசுப்புழு பார்க்க வந்த பெண் மாடியேறிப் பார்த்துவிட்டு, "என்னா சார், மீன் வளக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த மனுஷனை வெறுக்கவும் முடிவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய அன்று, கரண்ட் இல்லாத ராத்திரியில், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு தெருக்கோடி ஓட்டு வீட்டுக்குப் போனவர் இவர் ஒருவர்தான். அங்கே தனியாக இருக்கிற ஆயாவுடைய மண்சுவர் சாய்ந்திருக்கிறது என்று முந்தின மாதமே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். அன்றைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, கூரை மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஆயாவைத் தன் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து படுக்கவைத்தார். விடிந்ததும், கட்டில் மட்டமாக இல்லை என்று அதன் காலுக்கு அட்டை வைத்தார் என்பது வேறு.

அந்தப் புயலில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அது மேகத்திலிருந்து நேராக வந்ததல்ல, சார் வீட்டு வாசலில் இருந்து வந்தது. இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. போட்ட தார் மேலேயே தார் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே போகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அது எங்கள் தெரு வரைக்கும் வரவில்லை. தெரு ஏறியதும் சார் தன் முன்வாசலை இரண்டடி உயர்த்தி, பளபளப்பான டைல்ஸ் ஒட்டி, கார் ஏற ஒரு சாய்தளம் போட்டார். சாய்தளம் சாக்கடைக்கால்வாயை முழுசாக மூடி, தெருவுக்குள் மூன்றடி வந்து நிற்கிறது. அடியில் அவர் விட்ட குழாய்க்குள் ஒரு தேங்காய் மட்டை போனாலே அடைத்துக்கொள்ளும். எங்கள் வீடு பழைய வீடு. தெருவைவிட இரண்டு படி கீழே இருக்கிறது. கால்வாயில் போக வேண்டியதெல்லாம் எங்கள் நடையில் போகிறது.

இத்தனைக்கும் இது ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த சீமை. பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பெயர் வாங்கிய ஏரி இந்த ஊருடையது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போவது, நிலம் இம்மி இம்மியாகச் சாய்ந்திருப்பதால்தான். தோட்ட வாரியம் வைத்தவர்கள் பக்கத்திலேயே ஏரி வாரியமும் வைத்தார்கள். கல்வெட்டைக் காட்டும்போது சார் அந்த ஆறு பேரை எண்ணிக்கைக்காகத்தான் சொல்கிறார்.

சார், உங்கள் புல்லையும் குரோட்டன்ஸையும் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் வாசற்படி இரண்டு நூல் சாய்ந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன். அந்தச் சாய்தளத்தை மட்டும் மூன்றடி உள்ளே இழுத்துக்கொண்டு, கால்வாய் மேல் தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுவிடுங்கள். ஆள்கூலியில் பாதி நான் தருகிறேன். ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும்.