ஆறுமுகனுக்கு ஆறு கியூப்

வெள்ளிக்கிழமை ராத்திரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பெங்களூரின் முதுகை மட்டும்தான் பார்க்கலாம். குக்கே, சிக்கமகளூரு, மடிக்கேரி என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் முகமே தெரியாது. பிளாட்பாரம் முழுக்கப் பைகள் நிற்கும். பைக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தால் அங்கே ஒரு சாஃப்ட்வேர் ஆள் இருப்பதாக அர்த்தம். வாரம் முழுக்க நாற்காலியை விட்டு எழாத சனம் சனிக்கிழமை விடிந்தால் மலையேறும். நானும் அதில் ஒருவன்.

இந்தப் பைகளுக்குள் இப்போது பேக்கிங் கியூப் குடியேறியிருக்கிறது. நைலான் துணியில் தைத்த செவ்வகப் பை. மூன்று பக்கம் ஜிப், மேலே வலை. சட்டைக்கு ஒன்று, சாக்ஸுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று ஆறு சேர்ந்தது ஒரு செட். நான் வாங்கி வந்த நேரம் அம்மா சேலத்திலிருந்து வந்திருந்தாள். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்னடா இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. நாமதான் வைக்கணும்."

"வெச்சு?"

"பைக்குள்ள வைக்கணும்."

"பையில வைக்கறதுக்குப் பையா? காசு குடுத்தா வாங்கின?"

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது, "மீண்டும் என்ன மீண்டும், நான் எப்ப விட்டேன்?" என்று கேட்டவள் அவள். பீரோவுக்கு அடியில் அவள் மடித்து வைத்திருக்கும் துணிக்கடைப் பைகள் இன்னும் இரண்டு தலைமுறைக்குக் காணும்.

கியூபால் சாமான் குறையும் என்று யாரும் நம்ப வேண்டாம். வேண்டாத சாமானுக்கும் ஒரு விலாசம் கிடைக்கும், அவ்வளவுதான். முன்பெல்லாம் மூன்றாவது டீசர்ட்டை எடுக்கும்போது கை கொஞ்சம் கூசும். இப்போது சட்டைக் கியூபில் இடம் இருக்கிறதே என்று நாலாவதும் ஏறிக்கொள்கிறது. 1948-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய பெங்களூர் ஜயநகரைப் போலத்தான் என் பையும்: பிளாக், மெயின், கிராஸ் என்று விலாசம் படு சுத்தம், போய்ச் சேர்வதற்குள் நாலு பேரிடம் வழி கேட்க வேண்டும்.

இதில் வடிவச் சிக்கல் வேறு. கியூப் செவ்வகம், மலையேறும் பை உருண்டை. மூலைக்கு மூலை சந்து விழும். அந்தச் சந்துகளில் சாக்ஸைத் திணித்தேன். சாக்ஸுக்கென்று வாங்கிய கியூப் காலியாக இருந்தது. அதில் நாலு பாக்கெட் முறுக்கு வைத்தேன்.

போன இடம் குமார பர்வதம். புஷ்பகிரி என்றும் சொல்வார்கள், 1712 மீட்டர். குக்கே சுப்ரமண்யாவிலிருந்து ஏற வேண்டும். அந்தக் குமாரன் நம்ம முருகன்தான். உலகத்தில் இன்று 'அல்ட்ராலைட்' என்றொரு மலையேறிக் கூட்டம் இருக்கிறது. சோறு, தண்ணீர் நீங்கலாகப் பை நாலரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் விரதம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டி எடை குறைப்பார்கள். கோபித்துக்கொண்டு ஒரு தண்டத்தையும் கோவணத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பழனி மலையேறியவரை இவர்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்ளலாம். அவர் மலைக்குத்தான் நான் ஆறு கியூபோடு போனேன்.

அடிவாரக் காட்டில் மழை விட்டும் விடாத அக்டோபர் ஈரம். கணுக்காலில் அட்டை. உப்பு மருந்துக் கியூபில் இருக்கிறது. மருந்துக் கியூப் அடியில் இருக்கிறது. ஆறும் ஒரே சாம்பல் நிறம். முதலில் திறந்தது சட்டை. அடுத்தது சார்ஜர். மூன்றாவது முறுக்கு. கூட வந்த திருநெல்வேலி நண்பன், "காலைக் காட்டுல மச்சான்" என்று பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த உப்பை எடுத்தான். அவன் உடைமை மொத்தமும் ஒரு பழைய காலேஜ் பைக்குள் அடக்கம். அதுவும் பாதி காலி.

வழியிலுள்ள பட்டர மனை என்ற வீட்டில் சோறும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு மேலே போனால் வனத்துறையின் செக்போஸ்ட். 2024 ஜனவரியில் இந்த மலையில் கூட்டம் முண்டியடித்த காட்சிகள் நாடெங்கும் பரவிய பிறகு, ஆன்லைனில் முன்பதிவு செய்தவர்களைத்தான் விடுகிறார்கள். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையையும் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கியூப் வைத்திருப்பவனுக்கு அது ஆறு முறை நடக்கும். கார்டு ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, என் அந்தரங்கங்களை வகைவாரியாக மேஜையில் அடுக்கினார். வரிசையில் பின்னால் நின்ற இளசுகள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து, "மனெ ஷிஃப்ட் மாட்தா இதீரா சார்?" என்றார். வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்கிறார். பிளாஸ்டிக் என்று அவர் எடுத்து வைத்தது முறுக்குக் கவர்கள் நாலையும்தான். நண்பனின் பையை வெளியிலிருந்து ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தே அனுப்பிவிட்டார்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. அவளோ கியூப்களை ஒன்றொன்றாகச் சோதித்து, பெரியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மேலே வலை இருப்பதால் காற்றோட்டமாம். இப்போது அது சேலத்தில் சமையலறை ஆணியில் தொங்குகிறது, இரண்டு கிலோ பூண்டோடு. செட்டில் மிச்சம் ஐந்தும் எப்போது வரும் என்று போன வாரம் போனில் கேட்டாள். சின்ன வெங்காயம் விலை இறங்கியிருக்கிறதாம்.