சூட்டை அளக்கப் போன சண்டை

கேள்வி: கணினிக்குள்ள எவ்வளவு சூடு எண்டு பாக்கிறது ஒரு சின்ன வேலை. அதுக்கு ஏன் ஓப்பன் சோர்ஸ்காரர் இவ்வளவு சூடாகினம்?
– வாசகர், புத்தூர்

பதில்: உங்கள் ஊர்ப்பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். வாளி எந்த மட்டம் வரை இறங்குகிறது என்பது சின்ன விஷயமா?

இங்கும் வழக்கு எந்த மட்டம் என்பதுதான். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் சென்சர் கட்டமைப்பை 2007இல் கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தின் மாணவர் ஒருவர் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்துக்குக் கொண்டுவந்தார். ஒக்டோபரில் சேர்த்தார்கள், அதே மாதம் கழற்றிவிட்டார்கள். நிரல் ஓடவில்லை என்பதல்ல குறை. வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம் இவற்றை இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல் படிக்க வேண்டுமா, வெளியே ஓடும் சாதாரண நிரல் படித்தால் போதாதா என்பதே கேள்வி.

என் வாக்கு கெர்னலுக்கே. சித்திரை வெயிலில் விசிறி நின்றுபோனால், எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் அது தெரியவேண்டும். ஓப்பன்பிஎஸ்டியில் இன்றும் தெரிகிறது. ஃப்ரீபிஎஸ்டி கழற்றிய கட்டமைப்பை டிராகன்ஃப்ளை பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் எடுத்துக்கொண்டது.