கயிலாய மார்க்கதரிசி

கயிலாய யாத்திரையைப் பற்றிய நூல்கள் போய்வந்தோரையே பேசுகின்றன. போகாதோரில் ஒரு பிரிவினர், அம்மலையைப் போய்வந்தோரைவிடப் பன்மடங்கு அறிந்தவராயிருந்தும், ஆய்வாளர் கண்ணில் படாமலே இருந்துவருகின்றனர். இப்பிரிவினரைக் கயிலாய மார்க்கதரிசி எனலாம். வங்கியிலோ மின்வாரியத்திலோ நில அளவைத் துறையிலோ கோப்புகளை முடிந்துபோகாமல் காத்து ஓய்வுபெற்றவராகவும், அறுபதைத் தாண்டி எழுபதை எட்டாதவராகவும், மயிலாப்பூர், சிதம்பரம், திருநெல்வேலி போன்றதோர் ஊரில் பெரிய சிவன் கோயிலுக்கு நடக்கும் தொலைவில் குடியிருப்பவராகவும் இவர் பெரும்பாலும் காணப்படுகிறார். பெண்பாலில் இவ்வினம் அரிது; காரணம் பின்னர் விளங்கும். கயிலாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் பக்தர் கைகூப்புவார், மார்க்கதரிசியோ மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எந்த வழியாக?" என்பார்.

கேள்வி பொருளற்றதன்று. திபெத்தின் மேற்குக் கோடியில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் சிகரத்தின் சுற்றுவட்டாரத்தில்தான் சிந்து, சத்லஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி என்னும் நான்கு ஆறுகளும் பிறக்கின்றன. சிகரத்தில் எவரும் ஏறியதாகப் பதிவில்லை. அடிவாரத்தை ஏறத்தாழ 52 கிலோமீட்டர் சுற்றி வருவதே யாத்திரை. பரிக்கிரமா எனப்படும் இந்தச் சுற்றில் 5,600 மீட்டருக்கு மேலுள்ள டோல்மா கணவாயைக் கடந்தாக வேண்டும். கணவாய் என்பது இரு மலைகளுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் கடவு. அது தாழ்ந்திருப்பது மலையோடு ஒப்பிடும்போதுதான் என்பதை மூச்சு வாங்கும்போது யாத்திரிகர் உணர்கின்றனர். இந்தியாவிலிருந்து நேரே போனால் ஓர் எல்லையையும், நேபாளம் வழியாகப் போனால் இரண்டு எல்லைகளையும் தாண்ட வேண்டும். திபெத்துக்குள் தன்னந்தனியாக உலவவும் முடியாது, குழுவாகச் சேர்ந்து, சீன விசாவோடு திபெத்துக்கென்று தனி அனுமதிச் சீட்டும் பெற்றாக வேண்டும். ஆகவே எந்த வழி என்பது எவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியே. மற்றவர்கள் அதற்கு விடை தேடிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

மார்க்கதரிசியின் ஆராய்ச்சி சேக்கிழாரிடமிருந்து தொடங்கும். பெரியபுராணம் கூறும் கயிலைப் பயணங்களை மற்றவர்கள் பக்தியோடு படிக்க, இவர் பயண அறிக்கைகளாகப் படிக்கிறார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனார்; சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையிலும், சேரமான் பெருமாள் குதிரையிலும் போனார்கள்; அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஔவையாரை விநாயகர் துதிக்கையால் தூக்கி அங்கே வைத்துவிட்டார் என்பது வழிவழிக் கதை. இவற்றுள் வேகத்தில் ஔவையார் வழியே சிறந்தது என்றும், ஆயினும் எல்லோருக்கும் கிடைப்பதன்று என்றும் மார்க்கதரிசி தீர்ப்பளிப்பார். அவர் மனம் முழுமையாக ஒப்பும் வழி அப்பருடையது. காசியைக் கடந்து நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, உடல் முழுதும் ஓய்ந்த நிலையில் கிடந்த நாவுக்கரசரை, முனிவர் வடிவில் வந்த இறைவன் அங்கிருந்த பொய்கையில் மூழ்கப் பணிக்க, அவர் எழுந்ததோ திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது. கடவுச்சீட்டு வேண்டா, மூச்சுத்திணறல் இல்லை, முடியும் இடம் தஞ்சை மாவட்டம். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் நடைபெறும் அப்பர் கயிலைக் காட்சி விழாவுக்கு மார்க்கதரிசி தவறாமல் போகிறார். அதற்கும் கும்பகோணம் வழியா, தஞ்சாவூர் வழியா என்ற ஆராய்ச்சி ஆனியிலேயே தொடங்கிவிடும்.

அடுத்து, ஆவணங்கள். திபெத்துடனான வாணிகம் குறித்து இந்தியாவும் சீனாவும் 1954 ஏப்ரல் 29 அன்று செய்துகொண்ட உடன்படிக்கையில், வணிகரும் யாத்திரிகரும் சென்றுவர ஆறு கணவாய்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. ஷிப்கி, மாணா, நீதி, குங்கிரி பிங்கிரி, தர்மா, லிபுலேக் என்று அவற்றை மார்க்கதரிசி மேற்கிலிருந்து கிழக்காகத் தம் பேரப்பிள்ளைகளின் பெயரைவிடச் சரளமாக ஒப்பிப்பார். அதே உடன்படிக்கை சிந்து ஆற்றங்கரையோடு தாஷிகோங் செல்லும் பழைய தடத்தையும் தொடர்ந்து பயன்படுத்த இடமளித்ததைக் குரல் தாழ்த்தி, வில்லங்கச் சான்றிதழில் விட்டுப்போன சொத்தைக் கண்டுபிடித்தவரின் பெருமிதத்தோடு சேர்த்துக்கொள்வார். எட்டாண்டுக்கென எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கை 1962இல் காலாவதியாயிற்று. அதே ஆண்டு போரும் வந்தது. யாத்திரை 1981இல்தான் லிபுலேக் வழியாக மீண்டும் தொடங்கியது. சுவாமி பிரணவானந்தர் 1949இல் வெளியிட்ட கயிலாய மானசரோவர் நூலில், வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்படும் வழிகள் தங்குமிடங்களோடும் தொலைவுகளோடும் அட்டவணைகளாகத் தரப்பட்டிருக்கின்றன. சுவாமிகள் பலமுறை நடந்து பார்த்து எழுதிய அந்த அட்டவணைகளை, மார்க்கதரிசி சாய்வுநாற்காலியில் அமர்ந்தபடி ஆங்காங்கே திருத்தியும் வைத்திருப்பார்.

இன்றைய வழிகள் குறித்த அவருடைய கருத்துகளே அவரை அறிவதற்கு ஏற்ற இடம். உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழி பல நாள் நடை கொண்டதாக இருந்த காலத்தில், இந்த வயதில் இவ்வளவு நடக்க முடியுமா என்று அதைத் தள்ளிவைத்தார். கணவாயை நோக்கிய மலைச்சாலை 2020 மே மாதம் திறந்துவைக்கப்பட்டு, நடைக்குப் பதிலாக வண்டி வந்தபின், நடந்து போகாத யாத்திரை யாத்திரையா என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கணவாய் தனக்குரியது என்று நேபாளம் அதே ஆண்டில் வரைபடம் வெளியிட்டதும், வழக்கிலுள்ள நிலத்தில் கால்வைப்பது முறையன்று என்ற மூன்றாவது காரணமும் சேர்ந்தது. சிக்கிமின் நாது லா வழி 2015இல் யாத்திரிகருக்குத் திறக்கப்பட்டது. நடை மிகக் குறைவு, பேருந்திலேயே திபெத்தின் குறுக்கே நெடுந்தொலைவு போகலாம். ஆகவே அது முதுகுக்கு ஆகாது. 2017இல் டோக்லாம் எல்லைப் பூசலால் அவ்வழி தடைப்பட்டபோது மட்டும், முதுகைப் பொறுத்துக்கொண்டாவது போயிருக்கலாமே என்று பெருமூச்சு விட்டார்.

நேபாள வழிகள் இரண்டு. முதலாவது, நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையோர ஹில்சா, பாலத்தைக் கடந்தால் திபெத்தின் புராங். இங்கேதான் உயர்மலை நோய் பற்றிய அவருடைய நெடும் சொற்பொழிவு இடம்பெறும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவதால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றி, முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இடராகும் நிலையை உயர்மலை நோய் என்பர். மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட ஐந்நூறு மீட்டருக்கு மிகாத உயரத்தில் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டரே உயர்ந்த நேபாள்கஞ்சில் காலைச் சிற்றுண்டி உண்டவரை, ஒரு மணி நேரத்திற்குள் 2,900 மீட்டரில் இறக்கிவிடுவதும், பின்பு அங்கிருந்து இன்னும் மேலே தூக்கிச்செல்வதும் உடலுக்குச் செய்யும் துரோகம் என்பார். இதில் உண்மை உண்டு. இரண்டாவது, காத்மாண்டுவிலிருந்து சாலை வழியாகக் கேருங் எல்லை தாண்டி நாற்பது பேரோடு குலுங்கிப் போவது. இதில் உயரம் படிப்படியாகக் கூடுகிறதே என்று நினைவூட்டினால், மழைக்காலத்து நிலச்சரிவைக் காட்டுவார். 2025 ஜூலையில் அங்குள்ள எல்லைப் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது அவருடைய மதிப்பை உறவினரிடையே பெரிதும் உயர்த்தியது. கோடாரி வழி என்று முன்பு ஒன்றிருந்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அது அடைபடும்வரை அதை ஆபத்தான வழி என்றவர், அடைபட்டபின், கோடாரியைப்போல ஒரு வழி இனி வருமா என்று உருகினார்.

இவ்வுரைகளைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஒரு நியதி புலப்படும். மார்க்கதரிசி பரிந்துரைக்கும் வழி எப்போதும் மூடியிருக்கும் வழியே. பெண் கொடுக்க மனமில்லாத வீட்டார் வருகிற வரன்களின் ஜாதகங்களையெல்லாம் ஆர்வத்தோடு வாங்கி வாங்கிப் பார்ப்பதுபோல, திறந்த வழிகள் ஒவ்வொன்றையும் அவர் மெய்யான உழைப்போடு ஆராய்ந்து தோஷம் கண்டு திருப்பியனுப்புகிறார். லடாக்கின் தெம்சோக் வழியாகச் சிந்துவின் கரையோடு போனால் ஏற்றமே தெரியாமல் கயிலையை அடையலாம் என்பது அவருடைய இறுதிக் கொள்கை. அங்கே எல்லை மூடியே கிடப்பதால் அக்கொள்கைக்குச் சோதனை நேராது.

தொற்றுநோயாலும் எல்லைப் பூசலாலும் அரசின் யாத்திரை நின்றுபோன 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகள் இவ்வினத்தின் பொற்காலம். இந்திய மண்ணிலுள்ள ஆதி கயிலாயத்துக்குப் போகலாமே என்றோருக்கு, எல்லைப்புறப் பகுதிக்குள் செல்ல இந்தியக் குடிமக்களும் பெற வேண்டிய உள்கோட்டு அனுமதி என்னும் சீட்டின் நடைமுறைகளை விளக்கியே பருவத்தைக் கழித்தார். 2025இல் லிபுலேக், நாது லா இரண்டும் ஒருசேரத் திறந்து, லிபுலேக் வழியில் 250 பேரும் நாது லா வழியில் 500 பேரும் அனுப்பப்படுவர் என்ற அறிவிப்பு வந்தது பேரிடியாயிற்று. அவ்வாண்டு முதல் வழிக்கு ஏறத்தாழ 1.74 லட்சம் ரூபாய், இரண்டாவதற்கு ஏறத்தாழ 2.83 லட்சம், சென்றுவந்தோர்க்குத் தமிழக அரசின் மானியமும் உண்டு என்பதால் பணத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. அவரைக் காத்தது உடல் நிறைக் குறியீடு. கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே அது. 25க்கு மிகக் கூடாது என்பது விதி. மார்க்கதரிசியின் எண் அதைச் சற்றே கடந்திருந்தது. காலை நடையால் சரிசெய்துவிடலாம் என்று குடும்ப மருத்துவர் கூறியதற்கு, அக்குறியீட்டை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கெத்தலே என்பவர் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர், மருத்துவரே அல்லர் என்று விடையிறுத்தார். தவிரவும், திபெத்தியர் கணக்கில் 2026 குதிரை ஆண்டு, அவ்வாண்டில் ஒரு சுற்று வந்தால் பதின்மூன்று சுற்றின் பலன் என்பது அவர்கள் நம்பிக்கை. எனவே 2025இல் போவது நட்டம். 2026இல் கூட்டம் தாங்காது என்பதையும் அவர் முன்கூட்டியே அறிவித்துள்ளார்.

இவருக்குப் பெரும்பாலும் ஒரு மைத்துனி இருப்பார். கணவரை இழந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தெருக்கோடி டிராவல்ஸ்காரரிடம் முன்பணம் கட்டி, ஒரு கம்பளிக் குல்லாயும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொண்டு, அந்த அம்மையார் கயிலையைச் சுற்றி வந்துவிடுவார். திரும்பியதும் விசாரணை நடைபெறும். "எந்த வழியாப் போனே?" என்ற கேள்விக்கு, "அது யாருக்குத் தெரியும் அத்தான், ஏறுன்னாங்க ஏறினேன், இறங்குன்னாங்க இறங்கினேன். பெரிய ஆறு ஒண்ணு ஓடிச்சு, பாலத்தைத் தாண்டினதும் சீனாக்காரன் பையைத் துழாவிப் பார்த்தான்" என்ற விடை கிடைக்கும். அந்த ஆறு கர்னாலி என்பதையும், அது கீழே இறங்கிக் காக்ரா என்ற பெயரில் கங்கையில் கலப்பதையும், அவர் போனது தவறான வழி என்பதையும் மார்க்கதரிசி அரை மணி நேரம் எடுத்துரைப்பார். அம்மையார் மானசரோவர் தீர்த்தத்தை ஒரு சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு முக்திநாத்துக்கு முன்பணம் கட்டப் போய்விடுவார்.

எனினும் இவரைப் பயனற்றவர் என ஒதுக்குவது அநீதி. அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செல்லும்படியும், மேகம் இறங்கினால் சிமிகோட்டில் ஹெலிகாப்டர் வராமல் காத்துக்கிடக்க நேரும் என்பதால் திரும்பும் பயணச்சீட்டுக்கு இடைவெளி விடும்படியும், புராங்கில் தலைவலியோடு மேலே ஏறாதிருக்கும்படியும் மைத்துனிக்கு எழுதிக் கொடுத்தவர் இவரே. அம்மையார் நலமாகத் திரும்பியதில் அந்தத் தாளுக்குப் பங்குண்டு. டிராவல்ஸ்காரர்கள் அவரைக் கண்டு அஞ்சுவதும் காரணமின்றியன்று, சிற்றேட்டில் அச்சான உயரங்களைச் சரிபார்ப்பவர் அவ்வட்டாரத்தில் அவர் ஒருவரே. கயிலை செல்ல விரும்புவோர் டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டுமுன் அவரிடம் ஒரு மாலைப்பொழுது செலவிடலாம். பணம் கட்டியபின் போகக் கூடாது.

அரசின் விண்ணப்பத்தில் இரு வழிகளில் ஒன்றையோ, முன்னுரிமை வரிசையில் இரண்டையுமோ குறிக்கலாம். குலுக்கலில் ஆளைத் தேர்ந்து, வழியையும் குழுவையும் ஒதுக்குவது கணினி. மார்க்கதரிசி 2025இல் விண்ணப்பிக்கவில்லை. நீதி கணவாயையும் தெம்சோக்கையும் திறப்பதன் நன்மைகளை விளக்கி, வரைபடங்கள் இணைத்து, வெளியுறவு அமைச்சகத்துக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். 2015 முதல் விண்ணப்பம் தொடங்கித் தேர்வு வரை அனைத்தும் கணினிமயமாகிவிட்டதால் எவரும் கடிதமோ தொலைநகலோ அனுப்பத் தேவையில்லை என்று அமைச்சகம் ஏற்கெனவே அறிவித்திருந்தது.