சச்சினுக்குச் சைக்கிள் உழக்கிய ஊர்

சுன்னாகத்தில் மின்சார நிலையம் இருந்தது. மின்சாரந்தான் இருக்கவில்லை. 1990இல் சண்டை மறுபடி மூண்டதோடு குடாநாட்டுக்கே கரண்ட் நின்றுபோனது. அதுவரை யாழ்ப்பாணத்துக்கே வெளிச்சம் அனுப்புகிறவர்கள் என்ற செருக்கில் நடந்துதிரிந்த நாங்களும், மற்ற ஊர்ச்சனம்போலவே ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்குக் கொளுத்தினோம். பவர் ஸ்டேசனுக்குப் பக்கத்து வீடு என்று சீதனப் பேச்சில் கூட்டிக் கேட்டவர்களுக்கு அது பெரிய அடி.

விளக்கில்லாமல் சாப்பிடலாம், படிக்கலாம், கலியாணமும் கட்டலாம். கிரிக்கெட் கேட்க முடியாதே! பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். அரசாங்கத்தின் கணக்கில் பற்றறி என்றால் வெடிக்கிற சாமான். எங்கள் கணக்கில் பற்றறி என்றால் சச்சின் டெண்டுல்கர். பழைய பற்றறியை வத்தல் மிளகாயோடு முற்றத்தில் காயப்போட்டுப் பார்த்தோம். ஐந்தாறு ஓவர் தாக்குப்பிடிக்கும். பிறகு வர்ணனையாளருக்கு நெஞ்சு சளி கட்டும்.

அப்போதுதான் சைக்கிள் வந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லு நிலத்தில் முட்டாமல் நிறுத்தி, டைனமோவை டயரோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவன் ஏறியிருந்து உழக்க வேண்டும். மெதுவாக உழக்கினால் வர்ணனையாளர் கிணற்றுக்குள் இருந்து கதைப்பார். ஆவேசத்தில் உழக்கினால் ரேடியோ எரிந்துவிடும். ஆகவே உழக்குகிறவனுக்கு முதல் தகுதி நிதானம். சச்சின் நாலு அடித்தாலும் ஒரே வேகம், ஆறு அடித்தாலும் ஒரே வேகம். இப்படிப்பட்ட மனக்கட்டுப்பாடு எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பெடியளிடம் இருந்ததில்லை. ஆனபடியால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்திமாருக்கே போனது.

ஒழுங்கையால் போகிற யாரும் ஸ்கோர் கேட்கமாட்டார்கள். "சச்சின் நிக்கிறானோ?" அவ்வளவுதான் கேள்வி. "நிக்கிறான்" என்றால் வந்து குந்துவார்கள். "போட்டான்" என்றால் அப்படியே சந்தைக்கு வாழைக்குலை விற்கப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் சச்சின் ஆட்டமிழந்தால் டிவியை அணைப்பார்களாம். அதற்கு ஒரு விரல் போதும். எங்கள் ஊரில் கால் நின்றது. கால் நின்றால் கல்கத்தாவும் நின்றது, ஷார்ஜாவும் நின்றது. மிச்சமிருந்த மட்டையாளர்கள் விளையாடினார்களா, வீட்டுக்குப் போனார்களா என்பது மறுநாள்தான் தெரியவரும்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் என்ன பாடு படுத்தியது? அதே நாட்டுப் பெடியனுக்காகவா உழக்கினீர்கள்? ஓம், அதே நாட்டுக்குத்தான். அந்த இராணுவம் 1990 மார்ச்சில் கப்பல் ஏறியது. சச்சின் அதற்கு நாலு மாதம் முன்னமே, 1989 நவம்பரில், பதினாறு வயதில் கராச்சியில் இறங்கிவிட்டான். சியால்கோட்டில் வக்கார் யூனிஸின் பந்து மூக்கில் பட்டு இரத்தம் வழிந்தும் உள்ளே போகாமல் நின்றான் என்று கேள்விப்பட்ட அன்றே எங்கள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது: இராணுவம் வேறு, மூக்குடைந்த பெடியன் வேறு. இலங்கை அணிக்கு உழக்கலாமே என்றால், அந்த நாட்டின் குண்டுவீச்சு விமானம் தலைக்கு மேலே சுற்றும்போது காலுக்கு மனம் வராது. தமிழனான முரளிதரன் பந்து போடும் ஓவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. சச்சினுக்கு முரளி பந்து போட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை எங்கள் ஊரில் முடிவு காணப்படவில்லை.

சரி, உழக்கினோமே, பெடியன் என்ன தந்தான்?

முதலில் காத்திருக்க வைத்தான். ஒருநாள் போட்டியில் அவனுடைய முதல் சதம் 1994 செப்டம்பர் 9ஆம் திகதி வந்தது. அதற்குமுன் 78 ஆட்டங்கள் சதமில்லாமல் போயின. அதில் பெரும்பாலான காலம் அவனை நாலாவது, ஐந்தாவது ஆளாக இறக்கி, மிஞ்சிய ஓவர்களைக் கையில் கொடுத்து, "அடி தம்பி" என்றார்கள். 1994 மார்ச்சில் ஒக்லண்டில் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டபடியால்தான் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கினான். 49 பந்தில் 82. சித்துவின் கழுத்துக்கு அன்றைக்கு நல்லெண்ணெய் தடவ ஆளில்லாமல் போனது கிரிக்கெட்டின் அதிர்ஷ்டம். அந்த முதல் சதத்தையும் எங்கே அடித்தான் என்கிறீர்கள்? கொழும்பில். எங்களுக்கும் கொழும்புக்கும் நடுவே கிளாலிக் கடல். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இராவில் வள்ளம் ஏறவேண்டிய காலம். சொந்த நாட்டுத் தலைநகரில் நடந்த ஆட்டத்தை அந்நிய நாட்டுச் சங்கதிபோலக் கேட்டோம்.

அதற்கு முந்தின வருடம் ஹீரோ கிண்ண அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாபிரிக்காவுக்கு ஆறு ஓட்டம் தேவை. கபில்தேவ், ஸ்ரீநாத் எல்லாம் நிற்க, அசாருதீன் பந்தைச் சச்சினிடம் கொடுத்தார். மூன்று ஓட்டம் மட்டும் கொடுத்து இந்தியாவை இரண்டு ஓட்டத்தால் வெல்ல வைத்தான். சந்தோசந்தான். ஆனாலும் வாத்தியார் ஒருவர் உழக்குவதை நிறுத்தாமலே மூச்சு வாங்கக் கேட்டார்: "அடிக்கவும் அவன், எறியவும் அவன் எண்டால், மற்றப் பத்துப் பேரும் என்ன வாய் பாக்கவே போனவங்கள்?" இந்திய அணியைப் பற்றி இதைவிடச் சுருக்கமான ஆய்வை நான் பிறகு எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர வலிகாமமே எழும்பி நடந்த இரவு. சுன்னாகமும் நடந்தது. அந்த இரவைப் பற்றிப் பகிடி விட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அரிசி மூட்டை, ஆச்சி, உறுதிப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்கு வந்துசேர்ந்த சைக்கிளில் டைனமோவும் கழராமல் இருந்தது. ஆகவே 1996 உலகக் கிண்ணத்தை எங்கள் சனம் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் கோயில் மடங்களிலும் இருந்து கேட்டது.

தொடங்கவே பிரச்சினை. கொழும்பில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு கிழமை. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வரமாட்டோம் என்றன. பயமில்லை என்று காட்ட இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டாக ஓர் அணியை அனுப்பிக் கொழும்பில் ஆடின. அதில் சச்சினும் வந்தான். "இவ்வளவு தூரம் வந்தவன் இஞ்சாலையும் ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாம்" என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எங்கே எட்டிப் பார்ப்பது? எங்களுக்கே எங்கள் வீட்டை எட்டிப் பார்க்க வழியில்லை.

மார்ச் 2, டெல்லி. சச்சின் 137. இந்தியா 271. பெருவிரல் வீங்கும்வரை உழக்கினோம். பிறகு ஜெயசூரியவும் களுவிதாரணவும் வந்தார்கள். மனோஜ் பிரபாகரின் முதல் இரண்டு ஓவரிலும் வாங்கிய அடியில், வேகப்பந்து வீச்சாளரான அந்த மனிதர் கடைசியில் சுழற்பந்து போடும் நிலைக்கு வந்தார். நாலு ஓவரில் 47 ஓட்டம். அதுவே அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டமும் ஆனது. எங்கள் கஷ்டம் வேறு: அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு முன்னர் சுற்றும்முற்றும் பார்க்க வேண்டியிருந்தது. இலங்கை ஆறு விக்கெட்டால் வென்றது. சச்சின் சதம் அடித்தும் தோல்வி. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மார்ச் 13, கல்கத்தா, அரையிறுதி. இலங்கை 251. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98. சச்சின் 65. மடத்தில் வயசாளிகள் முதல் கைக்குழந்தைவரை விழிப்பு. ஜெயசூரியவின் பந்து காலில் பட்டுப் பக்கத்தில் உருண்டது. ஓட்டம் இருக்கிறது என்று சச்சின் ஓரடி வெளியே வைத்தான். களுவிதாரண பொறுக்கி எடுத்துக் குச்சியைத் தட்டினார். அவ்வளவுதான். கால் நின்றது. சனம் பாயைச் சுருட்டியது.

அதற்குப் பிறகு 22 ஓட்டத்துக்குள் ஆறு விக்கெட் போனதும், ஈடன் கார்டனில் சனம் போத்தல் எறிந்ததும், இருக்கைகளுக்குத் தீ வைத்ததும், போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றியைக் கொடுத்ததும், வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு போனதும் எங்களுக்கு விடிந்தபிறகுதான் தெரியும். உலகமே பார்த்த கலவரத்தை உழக்க மறுத்ததால் தவறவிட்ட ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம். செய்தி கொண்டுவந்தவனிடம் ஓர் ஆச்சி கேட்டா: "ஆர் மோனை நெருப்பு வைச்சது, ஆமியே?" "இல்லையணை, இந்தியாக்காரர்தான்." "தங்கடை மைதானத்துக்கோ?" ஆச்சிக்கு அதை விளங்கப்படுத்த முடியவில்லை.

நாலு நாளில் லாகூரில் இறுதி. ஒரு பக்கம் இலங்கை. மறுபக்கம் அவுஸ்திரேலியா. மூன்று மாதம் முன்னர், மெல்பேர்னில், முரளியின் கையைப் பார்த்து ஒரே நாளில் ஏழு தடவை நோபோல் சொன்ன நாடு! அண்டைக்கு மட்டும் கால் இலங்கைக்கு உழக்கியது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட், ஆட்டமிழக்காமல் 107. அந்த அணிக்கு ஒருவர் இருந்தார், அவரைச் சுற்றி மற்றப் பத்துப் பேரும் இருந்தார்கள். இந்தியாவுக்கு ஒருவன் மட்டும் இருந்தான். முரளியின் பந்தில் வார்னைக் களுவிதாரண ஸ்டம்பிங் செய்தபோது, கல்கத்தாவில் செய்த குற்றத்துக்காக அவருக்கு எங்கள் மடத்தில் அரைவாசி மன்னிப்பு வழங்கப்பட்டது.

சித்திரைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பினோம். கூரையில்லாத வீடுகளுக்குள் இருந்து ஒரு செய்தி கேட்டோம்: சச்சின் இந்திய அணியின் தலைவன். இனி எல்லாம் சரி என்று நினைத்த ஊரின் புத்தியைப் பாருங்கள். தலைவனாக முதல் ஆட்டம், 1996 ஓகஸ்ட், கொழும்பு. சச்சின் 110. இலங்கை ஒன்பது விக்கெட்டால் வென்றது. ஜெயசூரிய தனியே 120.

அடுத்த ஓகஸ்டில் அதே மைதானத்தில் டெஸ்ட். இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 537, அதில் சச்சின் 143. நிலேஷ் குல்கர்னி என்ற புதுப் பெடியன் டெஸ்டில் தான் போட்ட முதல் பந்திலேயே மார்வன் அத்தபத்துவை வீழ்த்தினார். ஊர் துள்ளியது. அதற்குப் பிறகு இரண்டு முழு நாள் விக்கெட்டே விழவில்லை. ஜெயசூரிய 340, ரொஷான் மஹாநாம 225, இருவரும் சேர்த்தது 576. மொத்தம் ஆறு விக்கெட்டுக்கு 952. குல்கர்னிக்கு அந்த ஒரு விக்கெட்தான், கொடுத்தது 195 ஓட்டம். ஊரடங்கு நேரத்தில் வெளியே போகவும் வழியில்லாமல், ரேடியோவை அணைக்கவும் மனமில்லாமல், இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்து மற்றவன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது சுன்னாகம். சச்சினும் அப்படித்தான் நின்றிருப்பான், ஊரடங்குச் சட்டம் மட்டும் அவனுக்கு இல்லை. தலைவனாக 25 டெஸ்டில் அவன் வென்றது நாலு.

சென்னையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136. இன்னும் 17 ஓட்டம், கையில் விக்கெட்டுகள். சக்லைனைத் தூக்கி அடித்தான், பிடித்துவிட்டார்கள். மிச்ச மூன்று விக்கெட்டும் சேர்ந்து எடுத்தது நாலு ஓட்டம். பன்னிரண்டால் தோல்வி. ஆட்டநாயகன் விருது வாங்கக்கூட அவன் வெளியே வரவில்லை. சேப்பாக்கத்துச் சனம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. சென்னைக்குப் பெருந்தன்மை. நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. "பதினேழு ஓட்டந்தானே, தட்டித் தட்டி எடுக்கிறதுக்கென்ன, விசரன்!" என்று சந்தைக்குள் அன்றைக்கு விழுந்த பேச்சு முழுவதும் 136 அடித்தவனுக்குத்தான். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் போனவர்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேட்கிறவனிடந்தானே கோபிக்கலாம். ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் சகோதரங்கள் இப்போது அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குவார்ட்டர்பேக் என்ற ஒருவனை ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படித்தான் பேசுகிறார்கள். தொழில் இங்கே பழகியது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் போட்டியில் சச்சின் அடித்த 49 சதங்களில் 33 தடவை இந்தியா வென்றிருக்கிறது. தோற்றது 14. எங்கள் ஊரின் ஞாபகத்தில் இருப்பது அந்தப் பதினாலு மட்டும். வென்ற நாளில் சனம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும். தோற்ற நாளில்தானே விடியவிடியக் கதை.

2011 ஏப்ரல் 2. யுத்தம் முடிந்து இரண்டு வருடம். சுன்னாகத்தில் கரண்ட் இருந்தது, வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. மும்பையில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ண இறுதியில். சச்சின் 18இல் மாலிங்கவின் பந்தில் சங்கக்காரவிடம் பிடி கொடுத்தான். பழைய ஆள் ஒருவர் எழும்பிப்போய் டிவியை அணைத்தார். பெடியள் கத்திய கத்தில் திரும்பப் போட்டார். தோனி 91, குலசேகரவின் பந்தில் ஆறு, கிண்ணம் இந்தியாவுக்கு. சச்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவன் அடிக்காத நாளில்தான் கிண்ணம் கிடைத்தது. "அப்ப நாங்கள் உழக்கினது பிழையான ஆளுக்கோ?" என்று அந்தப் பழைய ஆள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒருவருமில்லை.

அதற்கும் அடுத்த வருடம், 2012 மார்ச் 16, மிர்பூரில் பங்களாதேஷுக்கு எதிராக 114 அடித்தான். சர்வதேச ஆட்டங்களில் அவனுடைய நூறாவது சதம். உலகத்தில் வேறு எவனும் தொடாத எண்ணிக்கை. அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது.